22 அங்குல மயக்கம்

வேளாண் கருவி விற்கும் கடைகளில் இன்று மருந்தடிக்கும் மெஷினுக்கும் களை வெட்டும் மெஷினுக்கும் பக்கத்தில் செயின்சாவும் அடுக்கியிருக்கிறது. அதில் எங்கும் கண்ணில் படுவது 58 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டி, 22 அங்குல பார் மாட்டி வரும் சீன வகை. வாங்க வருபவர் முதலில் சிசி எத்தனை என்று கேட்கிறார், அடுத்து பார் எத்தனை இஞ்ச் என்று கேட்கிறார். இரண்டுக்கும் பெரிய எண் வந்தால் நல்ல மெஷின் என்று முடிவாகிவிடுகிறது. முதல் எண்ணில் அந்த முடிவுக்கு ஓரளவு நியாயம் உண்டு. இரண்டாவதில் இல்லை. சிசி இஞ்சினின் வரவு, பார் நீளம் அதன் செலவு. வரவையும் செலவையும் ஒன்றாகக் கூட்டிக் கையிருப்பு என்று சொல்லும் கணக்குப்பிள்ளையை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தென்னந்தோப்பும் சவுக்குத் தோட்டமும் வரப்போரத்து வேம்பும் வைத்திருக்கும் ஒருவருக்கு 16 அல்லது 18 அங்குல பார் போதும் என்பதும், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு அங்குலமும் தனக்கென்று ஒரு காரணம் காட்ட வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அளவு. பாரின் நீளம் என்று கடையில் சொல்வது, மெஷினின் முகப்பில் மரத்தைக் கடித்துப் பிடிக்கும் முள்ளிலிருந்து பாரின் மூக்கு வரைக்கும் உள்ள அறுக்கும் நீளம். பாரைக் கழற்றிக் கையில் எடுத்து டேப் வைத்தால் சில அங்குலம் கூடுதலாகத்தான் காட்டும். வால் பகுதி மூடிக்குள் போய்விடுகிறது. பழைய பாரை முழுசாக அளந்துவிட்டு அதே நீளம் கேட்பவருக்கு ஒரு சைஸ் பெரிய பார் வந்து சேருவது இதனால்தான். மரத்தின் பக்கமும் இதே குழப்பம் உண்டு. நம்மிடம் மரத்தை விட்டத்தால் அளக்கும் பழக்கம் இல்லை, கயிற்றைச் சுற்றிச் சுற்றளவாகத்தான் அளக்கிறோம். மர வியாபாரி அந்தச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தோடு பெருக்கிக் கன அடி சொல்வார். வியாபாரக் கணக்குக்கு அது சரி. ஆனால் அந்த நாலில் ஒரு பங்கை மரத்தின் தடிமன் என்று எடுத்துக்கொண்டால் பார் தேர்வில் தவறிவிடும். 48 அங்குலச் சுற்றளவுள்ள மரத்துக்கு நாலில் ஒரு பங்கு 12 அங்குலம். உண்மையான விட்டமோ 15 அங்குலத்தைத் தாண்டுகிறது. 14 அங்குல பார் தாராளம் என்று நினைத்து வாங்கியவர், மூக்கு மரத்துக்குள்ளேயே முடிந்துபோவதைக் கண்டு, அடுத்த முறை கோபத்தில் 22க்குத் தாவுவார். சுற்றளவை மூன்றால் வகுத்து இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டால் இந்தத் தாவல் தேவைப்படாது: 48க்கு 16, அதோடு இரண்டு, ஆக 18.

நீளமான பார் போட்டால் இஞ்சின் இழுக்காது என்று மெக்கானிக்குகள் சொல்வது பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்ப்பதில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. நம் ஊரில் பரவலாக ஓடும் 0.325 பிட்ச் செயினில், சாதாரண வரிசையில் ஏறத்தாழ 1.3 அங்குலத்துக்கு ஒரு அறுக்கும் பல் வருகிறது. 12 அங்குலத் தடிமனுள்ள மரத்தை அறுக்கும்போது எந்த நொடியிலும் மரத்துக்குள் ஒன்பது பல்தான் இருக்கும். பார் 16 அங்குலமானாலும் 22 அங்குலமானாலும் அந்த ஒன்பது மாறாது. எனவே மெலிந்த மரத்தில் நீள பார் இஞ்சினைப் பெரிதாக மூச்சுத் திணற வைப்பதில்லை. செயினின் கூடுதல் கனமும் பள்ளத்தில் உரசும் உராய்வும்தான் கூடுதல் செலவு. 20 அங்குல மரத்தில் பாரை முழுசாக இறக்கும்போது கதை வேறு. அப்போது பதினைந்து பல் ஒரே நேரத்தில் சீவுகின்றன. ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு இழைப்புளிபோல் ஒரு சீவலை உரித்து எடுக்கிறது; அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1940களில், மரத்தைத் துளைத்துத் தின்னும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து வடிவமைத்த பல்லின் வாரிசுதான் இன்று எல்லா மெஷினிலும் ஓடுவது. சீவல் தடிமனாக வர வேண்டுமானால் பல்லுக்குப் பல் பலம் வேண்டும். ஒன்பது பேருக்குப் பங்கிட்ட பலத்தைப் பதினைந்து பேருக்குப் பங்கிட்டால் சீவல் தூளாகிறது, செயின் வேகம் குறைகிறது, ஆள் மெஷினை அமுக்க ஆரம்பிக்கிறார், கிளட்ச் சூடேறுகிறது. ஆகவே இஞ்சினுக்கு ஏற்ற நீளம் என்பது மாட்டக்கூடிய நீளம் அல்ல, முழுசாகப் புதைத்தாலும் வேகம் குறையாமல் ஓடும் நீளம். 30 சிசிக்கு அது 12 முதல் 14, நீட்டினால் 16. 45 சிசிக்கு 16 முதல் 18. நம்பகமான 70 சிசி மெஷினுக்கு 20க்கு மேல் போகலாம். 24ம் 28ம் அங்கேதான் தொடங்குகின்றன.

மெலிந்த மரத்தில் இஞ்சினுக்கு நட்டமில்லை என்றால் நீள பாரில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நட்டம் இஞ்சினுக்கு இல்லை, ஆளுக்கு. பார் நீளும்போது கனம் கைக்கு வெளியே முன்னால் போகிறது. முன்கைப்பிடியில் சமநிலையாக நிற்க வேண்டிய மெஷின் மூக்கைக் கீழே தொங்கப்போடுகிறது. நாள் முழுக்க அதைத் தூக்கி நிறுத்துவது மணிக்கட்டும் இடுப்பும். அடுத்து அரம் போடும் வேலை: 18 அங்குல பாருக்கான 72 டிரைவ் லிங்க் செயினில் 36 பல், 22 அங்குல பாருக்கான 86 லிங்க் செயினில் 43 பல். அறுக்கும் மரம் அதேதான், தீட்ட வேண்டிய பல் மட்டும் ஏழு கூடுதல். ஆனால் இவை இரண்டையும்விட முக்கியமானது மூக்கு எங்கே இருக்கிறது என்பது. ஓர் அடித் தடிமனுள்ள மரத்துக்கு அப்பால் 22 அங்குல பார் பத்து அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அறுப்பவர் இந்தப் பக்கம் நிற்கிறார்; அந்தப் பத்து அங்குலம் அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாமல், வினாடிக்கு 20 மீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓடும் செயினோடு. மூக்கின் மேல் பாதி எதிலாவது இடித்தால் பார் மேல்நோக்கித் துள்ளி ஆள் பக்கம் திரும்புகிறது. கிக்பேக் என்று சொல்லப்படும் இந்தத் துள்ளல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பார்த்து விலகலாம் என்பதற்கு அவகாசமே கிடையாது. செயின் பிரேக் இருப்பது அதற்காகத்தான். மூக்கு எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் காவல், அதற்கு மூக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இது எவ்வளவு நடைமுறைக் கேள்வி என்பதற்குக் கஜா புயலைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தஞ்சையின் தெற்கு முழுவதும், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் லட்சக்கணக்கான தென்னையைச் சாய்த்தது. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். எக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். 500 ரூபாய்க்குள் ஒரு மரத்தின் அடியை அறுத்து, துண்டு போட்டு, ஓரத்துக்கு இழுத்துத் தோப்பைக் காலியாக்க வேண்டும் என்றால், ஒரு தீட்டலுக்கு எத்தனை அறுப்பு கிடைக்கிறது என்பதில்தான் கூலியின் கணக்கே நிற்கிறது. விழுந்த தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அப்படிக் கிடக்கும் குவியலில் மேல் மரத்தை அறுக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு பின்னால் கிடக்கும் அடுத்த மரத்தில் இடிக்கிறது. தரையோடு கிடக்கும் மரத்திலோ மணலில் இறங்குகிறது. மணலுக்குள் செயின் ஒரு வினாடி ஓடினால் போதும், பல்லின் கூர்முனை வட்டமாகி, அடுத்த அறுப்பில் சீவலுக்குப் பதில் மாவு வரும். அந்தப் பக்க மூக்கை மரத்தின் விளிம்பிலேயே நிறுத்திக்கொள்ள 16 அங்குல பாரில் முடியும். 22இல் ஆள் மெஷினைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தே அறுக்க வேண்டும்; அப்படி அறுத்தால் முள் மரத்தைக் கடிக்காது, முள் கடிக்காவிட்டால் மெஷினின் முழு இழுவையும் கைக்கு வந்துவிடும்.

தென்னை தனி ரகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைரம் வெளிப்புறத்தில் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்தது தொல்காப்பியத்தின் மரபியல்; அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். செயின்சா இந்தப் பாகுபாட்டை ஒவ்வோர் அறுப்பிலும் கண்டுகொள்கிறது. புளியிலோ வேம்பிலோ பாரை இறக்க இறக்க பாரம் ஏறுகிறது, நடுவில் உச்சம். தென்னையிலோ முதல் இரண்டு மூன்று அங்குலம்தான் கடினம். நடுச்சோற்றில் பார் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் மறுபக்க வைரத்தில் மறுபடி திணறும். தடிமனைப் பார்த்து இஞ்சின் தேவையைக் கணக்கிடும் பொது விதி இங்கே கொஞ்சம் இளகுகிறது: 45 சிசி மெஷின் தென்னையில் 18 அங்குல பாரை எளிதாகவே ஓட்டும். பல் மழுங்குவதோ வேகமாக நடக்கிறது. வெளிவைரத்தின் நார் அவ்வளவு கெட்டி. கூர்மூலைப் பல்லைவிட மூலை உருண்ட பல் இங்கே தாக்குப்பிடிக்கும். நிற்கும் தென்னையைச் சாய்க்கும்போது இன்னொரு நியாயமும் சேர்கிறது. முன்பக்கம் வாய் வெட்டி, பின்பக்கமிருந்து அறுத்து, நடுவில் விடும் பிடிப்பட்டைதான் மரம் எந்தத் திசையில் விழும் என்பதைக் கட்டிவைக்கிறது. சாதாரண மரத்தில் பட்டை முழுவதும் பிடிக்கும். தென்னையில் நடுச்சோறு எதையும் பிடிக்காது. பட்டையின் இரண்டு ஓரத்தில் இருக்கும் வைரம்தான் பிடிக்கும். ஒரு பக்கத்து ஓரத்தை அறியாமல் அறுத்துவிட்டால் மரம் மறுபக்கம் திருகிக்கொண்டு விழும். பார் மரத்தைவிடக் குட்டையாக இருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி அறுப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே நிற்கும் தென்னைக்குப் பார் தண்டைத் தாண்டியே இருக்க வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு அங்குலம் தாண்டினால் போதும். நெட்டை ரகத் தென்னையின் தண்டு அடித்தூரின் புடைப்புக்கு மேலே ஓர் அடியிலிருந்து 16 அங்குலம் வரை. புடைப்பு இரண்டடியைத் தொடலாம். புடைப்புக்கு மேலே அறுத்தால் 18 அங்குலத்தில் முடிந்தது.

சவுக்குக்கும் சீமைக்கருவேலத்துக்கும் அதுவும் வேண்டாம். காகித ஆலைக்குப் போகும் சவுக்கு மூன்று நான்கு ஆண்டில் வெட்டப்படுகிறது. கை முழம் அளவுச் சுற்றளவுக்கு 12 அங்குல பாரே மிச்சம். சீமைக்கருவேலத்தில் மட்டும் நீள பாருக்கு ஒரு நேர்மையான சலுகை தர வேண்டும். தூரிலிருந்து நான்கைந்து கிளையாகப் பிரிந்து முள்ளாக நிற்கும் புதருக்குள், உடம்பை நுழைக்காமல் பாரை நுழைக்க இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் தேவலை.

வெளிநாட்டு அனுபவத்தைக் காட்டி எதிர்வாதம் வைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்ளஸ் ஃபிர் வெட்டுபவர்கள் 28, 32, 36 அங்குல பார்களோடுதான் காட்டுக்குள் போகிறார்கள். தொழில்காரர்களே நீள பாரைத்தானே விரும்புகிறார்கள் என்பது வாதம். உண்மைதான். ஆனால் ஸ்வீடனின் தொழில்காரர்கள் 13 முதல் 18 அங்குலத்துக்குள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள், அவர்களும் பரம்பரையாக மரம் வெட்டுபவர்களே. இரு நாட்டிலும் ஒரே கம்பெனிகளின் மெஷின்கள் ஓடுகின்றன. வித்தியாசம் மரத்தில். ஸ்வீடனின் பைனும் ஸ்ப்ரூஸும் மெல்லியவை. அங்கே வெட்டுபவர் மெஷினைச் சாய்ந்த மரத்தின் மேலேயே வைத்து, குட்டைப் பாரை இப்படியும் அப்படியும் திருப்பிக் கிளை கழித்துக்கொண்டே நகர்கிறார். மேற்குக் கரையில் அடிமரம் மிகவும் தடிமனானது, மலைச்சரிவில் கிடக்கும் மரத்தின்மேல் நடந்துகொண்டே குனியாமல் கிளை கழிக்க வேண்டும். நீள பார் அங்கே இடுப்பைக் காப்பாற்றுகிறது. அதற்காக அவர்கள் மாட்டுவது 70, 90 சிசி மெஷின். பாரம் குறைய, பற்களை இடைவிட்டு வைத்த செயின். பார் நீளத்தை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கி, இஞ்சினையும் செயினையும் மரத்தையும் அங்கேயே விட்டுவிட்டால் அது அவர்களுடைய அனுபவம் ஆகாது. நம் வயலில் நிற்பது ஸ்வீடனின் தடிமனுக்கு நெருக்கமான மரம்.

குனியாமல் அறுக்கலாம் என்ற பகுதியை அப்படியே தள்ளிவிட முடியாது. தரையில் கிடக்கும் மரத்தை நாள் முழுக்கத் துண்டு போடுபவருக்கு ஐந்தாறு அங்குலம் கூடுதலாக எட்டுவது நிம்மதிதான். ஆனால் அதே ஆள் அதே பாரைத் தோளுயரத்தில் தூக்கி ஒரு கிளையை அறுக்கும்போது அந்த நிம்மதியை வட்டியோடு திருப்பித் தருகிறார். இன்னொரு வாதம் கொஞ்சம் நுட்பமானது: நீள பார் கனமானதால் கிக்பேக் வந்தாலும் மெதுவாகத்தான் சுழலும், குட்டை பார்தான் சட்டென்று திரும்பும் என்பது. இயற்பியல்படி இது சரியே. இடித்த பின் என்ன ஆகும் என்பதற்கு அது பதில். எத்தனை முறை இடிக்கும் என்பதற்கு அது பதில் இல்லை, பழக்கமில்லாத கைக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். மூன்றாவது, எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் வாதம்: வரப்பில் ஒரு பெரிய புளி நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது? கிடக்கும் மரமானால் கேள்வியே இல்லை. ஒரு பக்கம் அறுத்துவிட்டு மறுபக்கம் வந்தால் 18 அங்குல பார் 30 அங்குல மரத்தைத் துண்டாக்கும், இரண்டு அறுப்பும் சந்திக்கும் இடத்தில் சின்னப் படி விழும், விறகுக்கு அது குறையில்லை. நிற்கும் மரமானால் இரண்டு பக்கமிருந்து அறுப்பதற்கும், மூக்கின் கீழ்ப்பாதியை முதலில் கொடுத்து நடுவில் குத்தி இறக்குவதற்கும் பயின்ற கை வேண்டும். அந்தக் கை இல்லாதவருக்கு 22 அங்குல பார் இருந்தாலும் பெரிய மரம் பெரிய மரம்தான். பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் அந்த ஒரு மரத்துக்கு மெஷின்காரரை வரச்சொல்லிக் கூலி கொடுப்பது, பத்தாண்டும் ஒரு பெரிய பாரைச் சுமப்பதைவிட மலிவு.

நீள பார் நிஜமாகவே வேண்டிய இடங்கள் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்வதில் பயனில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது தெருக்களில் விழுந்தவை தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, மயில்கொன்றை போன்ற அகன்ற நிழல்மரங்கள். அவற்றின் அடிமரம் இரண்டடி, மூன்றடி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மின்கம்பம், நடுவில் நசுங்கிய கார் என்று கிடக்கும்போது இரண்டாவது பக்கத்துக்குப் போகவே வழியிருக்காது. ஒரே பக்கத்திலிருந்து முடிக்கும் பார் அங்கே தேவை. வேரோடு சாய்ந்த மரத்தில் அடியை அறுத்ததும் மண்ணோடு நிற்கும் வேர்த்தட்டு பழைய குழிக்குள் திரும்பி உட்காரும், அழுத்தத்தில் வளைந்த தண்டு துள்ளும். சற்று எட்டி நிற்பது நல்லது. ஆனால் அந்த மரத்தில் நேரக் கணக்கில் பார்த்தால் அதிக வேலை கிளையில்தான். முதலில் கிளையைக் கழித்துப் பாதையைத் திறக்கிறார்கள், அடிமரம் கடைசி. அந்தக் குழுவுக்கு வேண்டியது ஒரு பெரிய மெஷின் அல்ல, ஒரு சின்னதும் ஒரு பெரியதும். அடிமரத்தை விழுந்த இடத்திலேயே பலகையாகப் பிளப்பவர்களும் நீள பாரைத்தான் பிடிக்க வேண்டும். நாருக்கு நீளவாக்கில் அறுப்பது குறுக்கே அறுப்பதைவிட அதிக இழுவை கேட்கும், ஆகவே அங்கே சின்ன இஞ்சினுக்குப் பேச்சில்லை.

ஏற்கெனவே 22 அங்குல மெஷினை வாங்கிவிட்டவர் அதை விற்க வேண்டியதில்லை. இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவை 18, 20, 22 மூன்றையும் ஒரே தாங்கலில் ஏற்றுக்கொள்ளும். பாரின் வால்பக்கம் பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் அச்சாகியிருக்கும், 0.325, 0.058, 86 என்று இருந்தால், முதல் இரண்டும் அதேயாக, 72 லிங்க் ஏற்கும் 18 அங்குல பாரைக் கேட்டு வாங்கினால் ஸ்ப்ராக்கெட்டைத் தொட வேண்டாம். ரிவெட் அடிக்கும் கருவி உள்ள கடையில் பழைய செயினையே பதினான்கு லிங்க் குறைத்துக் கொடுப்பார்கள். இடது வலது பல் வரிசை சரியாக மாறி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார் குட்டையானதும் ஆயில் கணக்கும் சரியாகிறது. மலிவு மெஷின்களில் ஆயில் பம்பின் அளவு மாறாதது. 22 அங்குலம் போய்த் திரும்புவதற்குள் மூக்கு காய்ந்துவிடுவது அடிக்கடி நடக்கும், அதிலும் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுபவர்களுக்கு இரும்புத் தூளும் சேர்ந்து பாரின் பள்ளத்தைத் தின்னும். புதிதாக அறுத்த மரத்தின் வெள்ளை முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மூக்கைக் காட்டி, சில வினாடி முழு ரேஸ் கொடுத்தால், ஆயில் வருகிற மெஷினில் அந்த வெள்ளையில் ஒரு கோடு தெளிக்கும். கோடு விழவில்லையென்றால் பாரைக் கழற்றி ஆயில் துளையைக் குத்திவிட்டு, அப்புறம் மரத்தைத் தொடலாம்.